கிம் வீட்டு அம்மாவுக்கும் ஒரு கிண்ணம்

அம்மாவின் முதல் திதி. பெரியப்பா மத்தியானமே வந்து கூடத்தில் சம்மணமிட்டுவிட்டார்.

"திதிச் சீட்டைக் கொரிய எழுத்துல எழுதினா உங்கம்மா வரமாட்டா. அது பேப்பர் படிக்கிறதுக்கு. ஆவியைக் கூப்பிடணும்னா சீன எழுத்துதான். உங்களுக்கெல்லாம் அது பூச்சி ஊர்ற மாதிரி தெரியும்."

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் என் பெயரையே சீன எழுத்தில் எழுத வியர்ப்பவன் நான். கைபேசியில் திதிச் சீட்டு மாதிரி ஒன்றைத் தேடிப்பிடித்து, தூரிகைப் பேனாவால் அதைப் பார்த்து எழுதினேன். வரைந்தேன் என்பதே நியாயம். அந்தச் சீட்டில்தான் அம்மா வந்து அமர்ந்து சாப்பிட வேண்டும்.

பெரியப்பா கண்ணாடி மாட்டி, சீட்டை எட்டப் பிடித்து, கணீரென்று வாசித்தார். "நுங்சோங் ஊர் கு வம்சத்தில் பிறந்த எங்கள் தாயின் ஆவி அமரும் இடம்." பிறகு என்னைப் பார்த்தார். "கோழி கிளறின கையெழுத்து. ஆனா பிழையில்ல."

தம்பி மனைவி ஷுயே பொரித்த மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். சீனாவின் ஹார்பினிலிருந்து வாழ வந்தவள். அவள் கொரிய மொழி பேசினாலே பெரியப்பா காது குடைவார்.

"அத்தான், இன்னிக்கு யாருக்குத் திதி?"

"என்னம்மா கேள்வி? அம்மாவுக்குத்தான்."

"இதுல கிம்னு இருக்கே. கிம்ஹே ஊர் கிம். அத்தை கு வீட்டுப் பொண்ணுதானே?"

மாதிரியில் இருந்த யாரோ ஒருத்தியை அப்படியே வரைந்து வைத்திருக்கிறேன், கழுதை. சரி, இல்லாத கு வம்சத்தைப் பெரியப்பா எப்படி வாசித்தார்? அறுபது வருடமாகத் திதிகளில் ஒப்பித்த மனப்பாடம், வம்சத்தை மட்டும் மாற்றி.

"சீனாக்காரிக்கு என்ன தெரியும்? அங்க எழுத்தையெல்லாம் வெட்டிக் குட்டையாக்கிட்டாங்க."

"குட்டையாக்கினாலும் படிக்கிறோம், பெரிய மாமா."

பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"பொம்பளையா எழுதுறது?"

"அப்ப நீங்க எழுதுங்க, பெரியப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஷுயே புதுச் சீட்டில் அம்மாவை எழுதிப் பலகையில் நிறுத்தினாள். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம்.

பழைய சீட்டைக் கசக்கப் போன கை நின்றது. யார் பெற்ற தாயோ, கூப்பிட்டதை நம்பி எத்தனை தூரம் நடந்து வந்தாளோ. ஓரமாக அவளுக்கும் ஒரு கிண்ணம் அரிசி மது ஊற்றினேன்.

பெரியப்பா முறைத்தார்.

"வெறும் கிண்ணத்தையா வைப்பாங்க? மடையா, அந்த மீனை இப்படித் தள்ளு."