திருப்பதி தூரமாம், மெட்ராஸ் கிட்டவாம்

சித்தூர் ஆந்திராவோடு சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும், எல்லை எங்கே விழும் என்று ஊரில் ஓயாத பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டே என் நைனா இயேசுதாசனுக்குத் தூக்கம் போயிற்று. இனி இங்கே தமிழுக்கு வழியில்லை என்று பயந்து, எனக்கு மெட்ராஸில் மாப்பிள்ளை பார்த்தார். நானோ வாத்தியார் பயிற்சி முடித்து, திருப்பதியில் ஒரு பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வேலை வாங்கி வைத்திருந்தேன்.

"திருப்பதியா? அவ்ளோ தூரம் பொட்டப்புள்ளைய அனுப்ப முடியாது."

"மெட்ராஸ் அதவிட ரெண்டு பங்கு தூரமாச்சே, நைனா!"

பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை சுந்தர்சிங் முந்திக்கொண்டார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குமாஸ்தா. அவருக்கு உலகத்தில் மைலே கிடையாது, எல்லாம் நிமிஷக் கணக்குதான்.

"பிளேன்ல வந்தா அரை மணி நேரம்," என்றார். நைனா வாயைப் பிளந்தார்.

"சித்தூர்ல எங்க எறங்கும்? நீவா ஆத்து மணல்லயா? நீங்க ஒரு தடவயாவது ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

மனிதர் காபி டம்ளருக்குள் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

அவர்கள் போன பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னாள். நைனா எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். மூப்பர் மகள் திருப்பதிக்குப் போனால், "மொட்ட போட்டுக்கினு வரச் சொல்லுய்யா" என்று நாலு பேர் கிண்டல் பண்ணுவார்களாம். அடச்சீ, இதுதானா தூரம்!

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நைனா பெயரைக் கொடுத்துவிட்டார். நான் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய ஞாயிறு, போதகர் அதை வாசித்தார்.

"இதற்குத் தடை சொல்ல யாராவது உண்டா?"

எழுந்தேன். "உண்டு, ஐயா."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயசீலி, பொண்ணே சொல்றது வழக்கமில்லம்மா."

"பொண்ணு சொல்லாம வேற யாரு சொல்றது? எனக்கு இஷ்டம் இல்ல. நாளைக்குத் திருப்பதில வேலைக்குச் சேரப்போறேன்."

"உக்காருடி!" என்று நைனா முன்வரிசையிலிருந்து கத்தினார். நான் உட்காரவில்லை. போதகர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த பாட்டைச் சொன்னார்.

வெளியே வந்ததும் நைனா என்னை மறித்தார். "போறதுன்னா அப்டியே போயிடு. என் வாசப்படி ஏறாத."

"சரி, நைனா."

கட்டிய சேலையோடு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பின்னால் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"கிரேஸ்! நீ எங்கடி போற?" என்று நைனா அவளைப் பார்த்துக் கத்தினார்.

அம்மா திரும்பி நின்றாள். அவரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"பொண்ணுகூடப் போறேன். திருப்பதி இன்னா ஆகாசத்துலயா கீது?"