பதினோராவது ரோஸ் ஒயர்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணியதால் வந்தது.

கரிக்கலாம்பாக்கத்தில் நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் மனை வாங்கி வீடு கட்டிய புத்திசாலிகளில் நானும் ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பச்சைப் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் செல்வகுமாரியைக் கூப்பிட்டேன். ஊர்க்கோடியில் உள்ள பேனல் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக ஒயர் கட்டுபவள். (அவள் என்று எழுதுகிறேன், நேரில் 'வாங்க' என்றுதான் சொல்வேன். கதையில் 'அவர்' போட்டால் பாராட்டு விழா மாதிரி இருக்கிறது.)

பேனல் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு: கம்பெனிகளில் பீரோ மாதிரி ஓர் இரும்புப் பெட்டி நிற்கும், முகத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரியும். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். உள்ளே நூற்றுக்கணக்கில் ஒயர்கள். நம் வீட்டு ஸ்டார்ட்டர் பெட்டி அதன் கைக்குழந்தை.

வந்தாள், பெட்டியைத் திறந்தாள், உள்ளே எதையோ விரலால் அமுக்கினாள், மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பும்வரை டீ குடிக்கலாம் என்று உட்கார்ந்தோம். அப்போது அவள் சொல்ல ஆரம்பித்ததுதான் இது. கேட்கிற சுவாரஸ்யத்தில் மோட்டாரை மறந்துவிட்டேன். மாடியிலிருந்து தண்ணீர் கொட்ட, இருவரும் எழுந்து ஓடினோம். ஆகையால் கதையில் ஓர் இடத்தில் தொடர்ச்சி அறுந்திருக்கும். அது என் தொட்டியின் குற்றம்.

2.

ஆரம்ப வரிக்கு நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும்.

முதல் முயற்சி: 'ஆண்களே கோலோச்சும் துறையில் சாதித்துக் காட்டிய செல்வகுமாரி...' மகளிர் தினத்துப் பத்திரிகைப் பக்கம். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: 'பேனலுக்குள் ரிலேக்கள் இதயம்போலத் துடித்தன.' ரிலே என்பது தானாகத் திறந்து மூடும் ஒரு சுவிட்ச், அது துடிக்காது. துடித்தால் அதைக் கழற்றி வேறு போடுவார்களாம்.

மூன்றாவது: 'மணப்பட்டுக் கடல் அன்று...' அன்று கடல் எப்போதும்போல்தான் இருந்தது. வாக்கியத்தை மேலே கொண்டுபோக வழியில்லாமல் அப்படியே நிறுத்திவிட்டேன்.

நான்காவது: 'பாட்டிலில் பத்துதான் இருந்தது.' இது இருக்கட்டும்.

3.

பாட்டிலில் பத்துதான் இருந்தது.

பழைய ஊறுகாய் பாட்டில். உள்ளே இருப்பவை விரல் நீள ரோஸ் கலர் ஒயர்த் துண்டுகள். அவை எதற்கு என்று புரியாவிட்டால் கதை புரியாது, எனவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் ஒரு பேனலைச் சோதிக்கும்போது அது ஓட்டப்போகிற மிஷின் அங்கே இருக்காது. தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் மிதவை இருக்காது. கதவு மூடியிருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச் இருக்காது. ஆபத்தென்றால் ஓடிப்போய் அடிக்கிற பெரிய சிவப்பு பட்டனும் இருக்காது. ஆனால் இவையெல்லாம் 'சரி' என்று சொல்லாமல் பேனல் எதையும் ஓட்டாது. அதனால் ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு துண்டு ஒயரை முடுக்கி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பேனலை நம்பவைப்பார்கள். லூப் போடுவது என்பார்கள். சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒரு விஷயத்தில் பேனல் காலமெல்லாம் பொய்யை நம்பிக்கொண்டு ஓடும்.

அதற்காகத்தான் செல்வகுமாரி எந்தப் பேனலிலும் வராத ரோஸ் கலரை லூப்புக்கு வைத்துக்கொண்டாள். மொத்தம் பதினொன்று. போடும்போது எண்ணுவாள், எடுத்து பாட்டிலில் போடும்போதும் எண்ணுவாள். பிறகு சோதனைத் தாளில் 'லூப்கள் எடுக்கப்பட்டன' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்து. அந்தக் கையெழுத்து பன்னிரண்டு வருஷமாக ஒரு இன்ஜினீயருடையது. ஒரு சனிக்கிழமை, பட்டறை முதலாளி ராஜ்குமார் பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இனிமே நீயே போடும்மா. அவரு உன்னக் கேட்டுத்தான் போடுறாரு."

மணப்பட்டில் ஒரு ஐஸ் பிளான்டுக்குப் போகிற பேனல் அது. ஐஸ் கட்டியை அரைத்துப் பொடியாக்கும் கிரஷரை ஓட்டுவது. வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். முதல் கையெழுத்தின் சந்தோஷத்தில் அவள் இரண்டாம் முறை எண்ணவில்லை. பதினோரு லூப்பும் அந்தப் பேனலில் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுத்த பேனலுக்காக பாட்டிலைக் கவிழ்த்தாள். பத்து.

பதினொன்றாவது மேஜைக்கடியில் விழுந்து குப்பையோடு போயிருக்கலாம். இல்லை, மணப்பட்டில் பேனலுக்குள்ளேயே இருக்கலாம்.

"இருந்தாத்தான் இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"எந்த எடத்துல இருக்குதுன்றதப் பொறுத்து சார். எட்டு எடத்துல பெருசா ஒண்ணும் ஆவாது. தண்ணி வழியும், லைட்டு எரியாது. ரெண்டுல மோட்டார் பொகஞ்சிடும். ஒண்ணு செவப்பு பட்டன். அதுல இருந்தா, பட்டன அடிப்பாங்க, மிஷினு நிக்காது."

"மாட்டுற எலக்ட்ரீஷியன் பட்டனை அடிச்சுப் பாத்திருப்பாரே?"

"பாத்திருக்கலாம். பட்டறையில டெஸ்ட் ஆயி வந்ததுன்னா பாதிப் பேரு பாக்க மாட்டாங்க. கையெழுத்த நம்பித்தானே வுடுறாங்க."

அந்தக் கிரஷரின் வாயில் ஐஸ் கட்டியைத் தள்ளுகிறவர் பெயர் இளங்கோ. கையில் நனைந்த சாக்குத்துணி சுற்றியிருப்பார். துணி உள்ளே மாட்டினால் கையும் சேர்ந்து போகும். யாராவது பட்டனை அடித்து நிறுத்தினால்தான் உண்டு.

[இளங்கோவுக்கு மூன்று மாதம் முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது — வேண்டாம். ஒருவருக்குக் கை போகக்கூடாது என்பதற்கு அவர் புது மாப்பிள்ளையாக இருக்கத் தேவையில்லை.]

4.

செல்வகுமாரி, பத்து என்று எண்ணிய கையோடு ஐஸ் பிளான்ட் உரிமையாளர் தங்கவேலுக்குப் போன் செய்தாள்.*

"அண்ணே, கிரஷர நிறுத்துங்க."

"ஏம்மா, நல்லாத்தானே ஓடுது. போட்டெல்லாம் வந்துனு இருக்கு. இப்ப நிறுத்தச் சொன்னா மீன வெயில்லயா வெக்கிறது?"

"என் தப்புண்ணே. உள்ள ஒரு ஒயர வுட்டுட்டனோன்னு சந்தேகம். நான் வர்ற வரைக்கும் யாரும் கிட்ட போவ வேணாம்."

"சந்தேகமா, நிச்சயமா?"

"சந்தேகந்தான். நிறுத்துங்க."

நிறுத்தினார். அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நேராக ராஜ்குமாரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு நாள் வயதுள்ள கையெழுத்து போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னாள். ராஜ்குமார் பைக் சாவியை எடுத்தார். பாகூர் வழியாக மணப்பட்டு. வழி முழுக்க அவர் பேசாமல் வந்ததுதான் தாங்க முடியவில்லை என்றாள்.

அங்கே தங்கவேல், இளங்கோ, ஐஸுக்குக் காத்திருக்கும் நாலைந்து மீன்காரப் பெண்கள். எல்லார் எதிரிலும் மெயின் சுவிட்சை அணைத்தாள். பேனல் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

இந்த இடத்தில்தான் என் தொட்டி நிரம்பியது.

* செல்வகுமாரி சொன்னதில் தனக்கொடி என்றொரு மீன்காரப் பெண்ணும் வந்தார். மொபெட்டில் பெட்டி கட்டி மணப்பட்டிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறவர். சங்கரா மீன் நன்றாக இருக்கும். கதைக்கு வேண்டியிராததால் எடுத்துவிட்டேன்.

5.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தபோது அவள் கிளம்பிவிட்டாள். நான் பேனா பிடிக்கிறவன், சும்மா இருப்பேனா? மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) ரோஸ் ஒயர் இருந்தது, சிவப்பு பட்டனின் இடத்திலேயே. இளங்கோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பின்னணி இசை கேட்கிறது. கேட்கக்கூடாது.

(ஆ) இல்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் திரும்பி வந்தால் பட்டறையின் குப்பை முறத்தில் கிடக்கிறது. ஊரைக் கூட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று நிற்கிற அவமானம் ஒரு மாதிரி நன்றாக வந்தது. ஆனால் வாசகர் என்னை அடிக்க வருவார்.

(இ) இருந்தது, தண்ணீர் மிதவையின் இடத்தில். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என் மாடி மாதிரி அங்கேயும் வழிந்திருக்கும். இது எனக்குப் பிடித்தது, ஆனால் என் தொட்டிக்கு வேண்டி எழுதினேன் என்று தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் தெருவில் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"இருந்துதா இல்லியான்னு கேக்காதீங்க சார். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் போயித்தான் ஆவணும்."

இதைவிட நல்ல முடிவு எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன். கையெழுத்து மூன்று மாதம் பறிபோனது, பிறகு திரும்பி வந்தது, இப்போது இன்னொருவரும் சேர்ந்து எண்ணிய பிறகுதான் போடுகிறாள் என்று ஒரு பத்தியும் சேர்த்தேன். முதுகில் நானே ஒரு தட்டு தட்டிக்கொண்டு அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

6.

மறுநாள் சாயங்காலம் போனும் கையுமாக வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஒண்ண வுட்டுட்டீங்க."

"எதை?"

"தனக்கொடி அக்காவ."

"அவங்க கதைக்கு..."

"நான் ஒடனே போன் பண்ணல சார். உங்ககிட்ட சொன்னனே."

சொன்னாள். முதல் நாளே, டீ டம்ளர் கையில் இருக்கும்போதே சொன்னாள். ஒன்பது மணிக்கு எண்ணியவள் போன் செய்தது பதினொன்றரைக்கு. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் நல்லவளாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் ஒன்பதையும் போனையும் ஒரு துண்டு வாக்கியத்தால் இணைத்துவிட்டேன். கதை தடையில்லாமல் ஓடியது.

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அந்த இரண்டரை மணி நேரத்தை இப்போது போடுகிறேன். மேஜைக்கடியில் இரண்டு முறை தேடினாள். குப்பைத் தொட்டியைக் கொட்டிக் கிளறினாள். பிறகு உட்கார்ந்து அடுத்த பேனலின் அறுபத்திரண்டு ஒயர்களுக்கு இரண்டு முனையிலும் நம்பர் மாட்டினாள். ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

"கீழதான் வுழுந்திருக்கும்னு நெனச்சிகினே இருந்தேன். நெனக்க நெனக்க அது நெசமாவே ஆயிடுச்சி சார். மிஷின சாயங்காலந்தான் ஓட்டுவாங்கன்னு வேற ஒரு சமாதானம். பன்னண்டு வருஷம் சார். கையெழுத்து வந்து ரெண்டு நாளுதான் ஆச்சு."

பதினொன்றரைக்குத் தனக்கொடியின் மொபெட் பட்டறை வாசலில் நின்றது. மீன் பார்க்கலாம் என்று செல்வகுமாரி போனாள். பெட்டியைத் திறந்தால் சங்கராவின் மேல் வெள்ளை வெளேரென்று ஐஸ் பொடி.

"இன்னாக்கா, ஐஸு இவ்ளோ பொடியா இருக்கு?"

"புது மிஷினுடி. மாவாட்டம் அரைச்சுத் தருது. காத்தால ஆறு மணிலேந்து ஓடினு இருக்கு."

"யாரு தள்றது?"

"வேற யாரு, இளங்கோதான்."

செல்வகுமாரி அந்த ஐஸை ஒரு கை அள்ளினாளாம். ஏன் அள்ளினேன் என்று தெரியவில்லை என்கிறாள். அது கையில் கரைந்து ஒழுகிக்கொண்டிருக்கும்போதே மறு கையால் தங்கவேலின் நம்பரைத் தேடினாள்.

"அத எழுதலன்னா நான் இன்னாத்துக்கு சார் உங்ககிட்ட சொன்னேன்? போனது பெருசு இல்ல. யாரா இருந்தாலும் போவாங்க. அந்த ரெண்டரை மணி நேரம் நான் ஒயருக்கு நம்பர் போட்டுனு ஒக்காந்திருந்தேன். அதான் எனக்குத் தூக்கத்துல வருது."

 

7.

பிழைப்புக்கு நான் வில்லியனூரில் பத்திரம் எழுதுகிறேன். பத்திரத்தில் எதையாவது அடித்துத் திருத்தினால், முதலில் எழுதியது தெரியும்படி விட்டு, கடைசியில் அதைக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது வழக்கம். இருபது வருஷப் பழக்கம், கதையில் மட்டும் ஏனோ மறந்துபோனது. எனவே:

அடித்தல் ஒன்று. திருத்தல் ஒன்று. நான்காம் பகுதியின் முதல் வரியில் 'எண்ணிய கையோடு' என்று இருப்பதை 'எண்ணி இரண்டரை மணி நேரம் கழித்து' என்று படித்துக்கொள்ளவும். அதன் கீழே உள்ள குறிப்பில் 'கதைக்கு வேண்டியிராததால்' என்பதைப் படிக்காமல் விட்டுவிடவும்.

பேனல் கதவைத் திறந்தபோது உள்ளே ரோஸ் ஒயர் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அ, ஆ, இ மூன்றில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், நாலாவதாக நீங்களே ஒன்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது அவள் கேட்டு வாங்கியது.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஏழு பகுதி என்று விரல் விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணச் சொன்னாள், எண்ணினேன்.

"ம். இப்ப போடுங்க சார் கையெழுத்த."