படத்தின் ஓரத்தில் ஒரு கை

1

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். குழந்தை; வயது இரண்டும் ஒரு மாதமும்; வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவோம். அவளுடைய அம்மா. அவளுடைய அப்பா. அந்த அப்பாவுக்குப் பெரியப்பா, அதாவது எங்கள் குடும்பத்துக்கு மூத்தவர். சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரர். படம் எடுக்கும் பெண். பின்னால் வரிசையில் நின்றவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் பார்த்ததாகச் சொல்வதில் பாதிக்கு மேல் பார்க்காதது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்திலிருந்து வந்தது. வணிக வளாகத்தின் நிர்வாகம் அனுப்பியிருக்கிறது. 'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று அச்சடித்து, கீழே நான்கு கோடு போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அந்த வேஷக்காரர் மறுபடி அந்த நாற்காலியில் உட்காரலாமா, வேலையை விட்டே போக வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது. நான்கு கோட்டை நிரப்ப உட்கார்ந்தேன். பதினொரு பக்கம் ஆகிவிட்டது. இன்று புதன்.

மூத்தவர் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. (இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து, மூன்றாம் முறை எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.) ஆனால் 'நான்' என்று எழுதினால் பேனா நேராகப் போக மாட்டேன் என்கிறது. ஆகவே கதைக்குள் அவர் 'மூத்தவர்'. கதைக்கு வெளியே நான்.

2

முதல் தொடக்கம்: 'குழந்தையின் அழுகை என்பது மனித குலத்தின்'

வேண்டாம். மனித குலத்தை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'அந்த வேஷக்காரரின் கண்களில் அப்போதே ஏதோ ஒன்று'

இதைப் பாதியில் நிறுத்தினேன். அவருடைய கண்களில் ஒன்றும் இல்லை. தொப்பிக்கும் தாடிக்கும் நடுவே வியர்த்திருந்தது, அவ்வளவுதான். இப்படித் தொடங்கினால் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் பிடிக்கும். அதனாலேயே எழுதப் பயந்தேன். எழுத அவ்வளவு சுலபமாக இருந்தது.

மூன்றாம் தொடக்கம்: மூத்தவரின் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதினான்கு படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வயதில் ஒரு சிவப்பு அங்கிக்காரரின் மடியில் உட்கார்ந்து எடுத்த படம். பதினான்கில் ஒன்றுகூட அழவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் மூத்தவர் அவர்களைச் சுவரோரமாக நடத்திக் காட்டுவார். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க அழாது" என்பார். பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடமும் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

* மூன்றாவது படத்தில் இருப்பவன்தான் இப்போது பட்டாணியின் அப்பா, என் தம்பி மகன். போன வாரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "தைரியத்துல அழாம இல்ல பெரியப்பா, பயத்துல அழுகை வரல" என்றான். இரண்டு வயதில் நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

3

நகரும் படிக்கட்டுக்குக் கீழே சிவப்புக் கம்பளம் விரித்து நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. வரிசை நகர நகர, பட்டாணி அம்மாவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டே போனாள்.

"மாமா, அடுத்த வாரம் வரலாமே. தூங்கி எழுந்த பிள்ளை, மிரளுறா" என்றாள் மருமகள், பட்டாணியின் அம்மா.

"அடுத்த வாரம் மட்டும் இவர் தாடியை எடுத்துட்டா வரப்போறாரு?" என்றார் மூத்தவர். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நிமிர்வு கூடியது.

முதல் தடவை உட்கார வைத்ததுமே உதடு பிதுங்கியது. அழுதாள். வேஷக்காரர் உடனே வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகளையும் அகல விரித்துத் தூக்கிவிட்டார். பட்டாணி வழுக்கிக்கொண்டு இறங்கி அம்மாவிடம் ஓடினாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்க மாட்டாரா?" என்று மூத்தவர் கேட்டார்.

"பிடிக்கக் கூடாது சார்" என்றாள் படம் எடுக்கும் பெண். "அவர் கை ரெண்டும் படத்துல தெரியணும். அதுக்குத்தான் வெள்ளைக் கையுறையே. அழுற பிள்ளையை இறக்கி விட்டுடுவாரு. அம்மா பக்கத்துல உக்காரட்டுமே? இல்லன்னா அவர் நாற்காலிக்குப் பின்னால ஒளிஞ்சு எட்டிப் பார்ப்பாரு, பாப்பா முன்னாடி நிக்கட்டும். நிறையப் பேர் அப்படித்தான் எடுக்கறாங்க."

"எங்க வீட்டுப் படத்துல அம்மா கிடையாது."

"அழுற படமும் நல்லாத்தான் இருக்கும் சார். பின்னால பார்த்துச் சிரிப்பீங்க."

"சிரிக்கறதுக்கு எங்க வீட்டுல வேற விஷயம் இருக்கும்மா."

அவள் கேமராவுக்கு மேலே ஒரு ரப்பர் வாத்தை வைத்துக் கீச்சிட வைத்தாள். இரண்டாம் தடவை பட்டாணி வாத்தைப் பார்த்தாள், அண்ணாந்து தாடியைப் பார்த்தாள், வீறிட்டாள். இந்தத் தடவை வேஷக்காரரே எழுந்து வந்து குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தார்.

மூத்தவர் அம்மாவின் கையிலிருந்து வாங்கினார். வாங்கினார் என்பது (சரியான சொல் இல்லை. எடுத்தார். மருமகளின் விரல்களைப் பிரித்து எடுத்தார்.) மூன்றாம் தடவை மடியில் வைத்தார்.

"வேண்டாம் ஐயா. ரொம்பப் பயந்திருக்கு" என்றார் வேஷக்காரர், தாடிக்குள்ளிருந்து, குரலை உயர்த்தாமல்.

மூத்தவர் நாற்காலியின் ஓரத்தில் குனிந்து, படத்துக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் நீட்டிக் குழந்தையின் இடுப்பை அழுத்திப் பிடித்தார். வெளிச்சம் அடித்தது.

அழுகை நின்றது.

அழுகை நின்றுவிட்டது என்றுதான் மூத்தவர் முதலில் நினைத்தார். பார்த்தாயா என்று மருமகளின் பக்கம் திரும்பினார். பட்டாணியின் வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை. உதட்டைச் சுற்றி நீலம் ஏறி

(இந்த இடத்தை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 'ஏறி' என்ற சொல்லோடு பேனா நின்றுவிடுகிறது. அடுத்ததை உள்ளபடி சொல்கிறேன்: அவருடைய கைக்குள் அந்த இடுப்பு துணி மாதிரித் துவண்டது.)

வேஷக்காரர் தாடியைப் பிய்த்து எறிந்தார். குழந்தையைக் கம்பளத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் மண்டியிட்டார். "தூக்காதீங்க. சுத்தி நிக்காதீங்க. காத்து வரட்டும்." அம்மா மட்டும் அருகில் இருந்தாள். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு எந்த எண் என்று தெரியாமல் நின்றான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சரணம் முழுதாக முடிந்தது.

பிறகு ஒரு சின்ன விக்கல். பிறகு அழுகை.

அன்று மாலையே டாக்டர் பார்த்தார். சில பிள்ளைகள் அழுகையின் உச்சியில் மூச்சை அடக்கிவிடும், பார்க்கப் பயமாக இருக்கும், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். "பலவந்தமா எதுவும் செய்யாதீங்க" என்றும் சொன்னார். அதை அவர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். மூத்தவர் சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

4

இப்போது வேஷக்காரரைப் பற்றி எழுத வேண்டும். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. படுத்த படுக்கையாக ஒரு மனைவியைக் கொடுத்துப் பார்த்தேன். இரக்கம் வந்தது, அடித்தேன். குடிப்பழக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு நிம்மதி வந்தது, அதையும் அடித்தேன். தெரிந்தது இவ்வளவே: தாடி இல்லாமல் பார்த்தால் வயது குறைவு. முகவாயில் சவரக் கத்தி கீறிய தழும்பு. தாடியைப் பிய்த்ததால் வரிசையில் மற்ற பிள்ளைகளும் அழுதன. அதற்கும் அவர் மேல் புகார் இருக்கிறது.

திங்கட்கிழமைக்குள் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு. அந்த ஆள் குழந்தையைக் கிள்ளிவிட்டான். லிஃப்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். மூத்தவரும் அதே லிஃப்டில் இருந்தார். மாறிக்கொண்டிருந்த மாடி எண்களைப் பார்த்தபடி நின்றார்.

இதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. மூன்றாம் தடவை எடுத்த படத்தை அந்தப் பெண் மூத்தவரின் போனுக்கு அனுப்பியிருந்தாள். அதில் வெள்ளைக் கையுறைகள் இரண்டும் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் இருக்கின்றன. இடது ஓரத்தில், குழந்தையின் இடுப்பில், கையுறை இல்லாத ஒரு கை. நரம்பு புடைத்தது. கடிகாரம் கட்டியது.

மூத்தவர் அவளுக்குப் போன் செய்தார்.

"இடது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் கொடும்மா."

"கை தெரியுதே, அந்த ஓரமா சார்?"

"ஓரம்னா ஓரம்தான்."

வெட்டிக் கொடுத்தாள். அந்த ஓரத்தோடு வேஷக்காரரின் ஒரு கையுறையும் போய்விட்டது. அதை மூத்தவர் கவனிக்கவில்லை. (கவனித்தாரா? இல்லை. இதை நம்பலாம். அவர் தன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.) தம்பி மகன் அந்த வெட்டிய படத்தைக் குடும்பக் குழுவில் போட்டான். அது குடியிருப்புக் குழுவுக்குப் போனது. அங்கிருந்து நிர்வாகத்துக்குப் போனது. நிர்வாகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். இரண்டு கையும் தெரிய வேண்டும் என்பது விதி. இந்தப் படத்தில் உன் இன்னொரு கை எங்கே?

படம் எடுத்த பெண் சொல்லிப் பார்த்திருக்கிறாள். முழுப் படத்தைக் காட்டு என்றார்களாம். அவர்களுடைய இயந்திரத்தில் மூன்று நாளில் எல்லாம் அழிந்துவிடும். முழுப் படம் இப்போது ஒரே ஒரு போனில்தான் இருக்கிறது. அது என் சட்டைப்பையில் இருக்கிறது.

5

பயத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம் என்று நினைத்தேன். கட்டுரை போல வந்தது, கிழித்துவிட்டேன். நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

பட்டாணி அழத் தொடங்கினால் வீடே அப்படியே நிற்கிறது. கரண்டி நிற்கிறது, டிவி நிற்கிறது. அடுத்த மூச்சு வரும்வரை யாரும் அசைவதில்லை. மூத்தவர் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார். ஒரு நாள் ஒன்பது வரை போனது.

அதைவிட மோசமானது வேறொன்று. மூத்தவரைக் கண்டால் அவள் அழுவதில்லை. உள்ளே வந்தால் கையிலிருக்கும் பொம்மையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அசையாமல் பார்க்கிறாள். அந்தப் பார்வையை எங்கே பார்த்திருக்கிறோம் என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். கூடத்துச் சுவரில் பதினான்கு தடவை பார்த்திருக்கிறார்.

மருமகள் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எழுதறதா இருந்தா கையையும் சேர்த்து எழுதுங்க மாமா. இல்லன்னா எழுதாதீங்க. ஓரத்தை வெட்டி இன்னொண்ணு வேண்டாம்." கல்யாணமாகி வந்து ஐந்து வருஷத்தில் அவள் மூத்தவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

6

முடிவுகள்.

அ) மூத்தவர் முழுப் படத்தோடு நிர்வாக அலுவலகத்துக்குப் போகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். 'உங்களைப் போன்ற பெரிய மனிதர்' என்று ஒருவர் தொடங்குகிறார். (அடித்தேன். இது இன்னொரு படம் மாட்டுகிற வேலை.)

ஆ) மூத்தவர் வேஷக்காரரின் வீட்டைக் கண்டுபிடித்துப் போகிறார். அவர் தேநீர் கொடுத்து, "விடுங்க ஐயா, எனக்கும் அப்பா இருக்காரு" என்கிறார். (நான் எழுதினால் அவர் ஒவ்வொரு முறையும் என்னை மன்னித்துவிடுகிறார். அவரைக் கேட்காமலே.)

இ) வெள்ளிக்கிழமை கழிகிறது. படிவம் மேசையில் கிடக்கிறது. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். குடும்பப் பெயர் பத்திரமாக இருக்கிறது. (இதை மட்டும் ஒரே மூச்சில் எழுத முடிந்தது.)

எதையும் நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. எனக்கு எழுதக் கைவந்த முடிவு எதையும் நம்புவதற்கில்லை. நடந்தது எல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் படிவம் போல நினைத்து நீங்கள் நிரப்பிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் விட முடியாது. இன்று காலை தம்பி மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னான்: "பெரியப்பா, அந்தப் பாட்டுச் சத்தத்துல அவர் வேண்டாம்னு சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. வயசாச்சு. அப்படியே எழுதிடுவோம். யாருக்கும் கெட்ட பேர் இல்ல." அன்பாகத்தான் சொன்னான். மத்தியானத்துக்குள் அது குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. என் தங்கை போன் செய்து, காதில் வைக்கும் மெஷின் இப்போது வெளியே தெரியாத அளவுக்குச் சின்னதாக வருகிறது என்று சொன்னாள்.

மூத்தவருக்குக் காது மந்தம் என்று சொல்கிறார்கள். இல்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றும் கேட்டது.