இரண்டு சோர்ஸ், நாற்பது மூட்டை

கனகரட்ணம் மாஸ்டர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பென்ஷன் எடுத்த பிறகு பொழுதுபோகாமல் பத்திரிகை ஒன்றுக்குக் கோப்பாய் நிருபரானார். கிணற்றில் மாடு விழுந்தாலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் பார்க்கப் போவார். அவருக்குச் செய்தி எங்கிருந்து கிடைக்கிறது என்று ஊரே யோசித்தது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த ஓலை வேலியில் கீற்று விலகி ஒரு பொட்டு இருந்தது. ஒரு கோழி நுழையலாம். என் வாயும் நுழையும்.

"ஞானாம்பிகை, நீ என்ரை சோர்ஸ்" என்றார் ஒருநாள்.

"அதென்ன மாஸ்டர், காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தமோ?"

"இங்கிலீசிலை ஆறு தொடங்கிற இடம்."

"எங்களுக்கு ஆறெண்டால் தொண்டைமானாறுதான். அதுவும் உப்பு."

"பேப்பர்க்காரருக்கு அது செய்தி சொல்லுற ஆள். ஆரெண்டு ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. ஆனால் ஒரு சோர்ஸ் காணாது. ரெண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால்தான் பேப்பர்க் கந்தோரிலை போடுவினம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஊர் என்னை வம்புக்காரி என்கிறது; இங்கிலீசில் அதற்கு இவ்வளவு மரியாதையா!

எண்பத்தாறாம் ஆண்டு மாரியில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் பஞ்சலிங்கம் சனத்துக்கு வந்த நிவாரண மாவைத் தன் வீட்டுக்குள் இறக்கினார். கண்ணால் கண்டேன். பதினெட்டு மூட்டை. ஆனால் பதினெட்டெல்லாம் ஒரு கதையா? மாஸ்டரிடம் சொல்லும்போது அது நாற்பதாகிவிட்டது. அன்றைக்கே கிணற்றடியில் பின்வீட்டுக் குணலட்சுமிக்கும் நாற்பது என்றே சொன்னேன். ஆளுக்கொரு கணக்குச் சொல்வது என் பழக்கமில்லை.

மாஸ்டர் முறைப்படி குணலட்சுமியிடமும் போய் விசாரித்தார். தானும் கண்டதாகக் காட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை. "ஓம் மாஸ்டர், என்ரை கண்ணாலை கண்டனான். நாற்பது" என்றாள். செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்துவிட்டது.

புதன்கிழமை பஞ்சலிங்கத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். வியாழன் மத்தியானம் மாஸ்டர் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். எந்த இயக்கத்து ஆட்கள் என்று கேட்காதீர்கள். அந்த வருடம் நாங்களும் கேட்கவில்லை.

முருங்கைக்கீரையும் கையுமாகப் பொட்டடியில் குந்தினேன்.

"மாஸ்டர், மனேச்சரை நேற்றையிலிருந்து கேக்கிறம். இன்னும் பதினெட்டிலைதான் நிக்கிறார். நீங்கள் நாற்பதெண்டு எழுதியிருக்கிறியள். மிச்சம் எங்கை?"

"எனக்குச் சொன்னதைத்தான் எழுதினன், தம்பி."

"ஆர் உங்கடை சோர்ஸ்?"

அந்தச் சொல்லை இன்னொருவர் வாயில் அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டேன். அங்கே அது ஆறுமில்லை, மரியாதையுமில்லை. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோகக்கூடிய ஓர் ஆள்.

"அது சொல்லுறேல்லை. பேப்பரிலை அதுதான் முறை."

"முறையைக் குழப்ப வேண்டாம்" என்றான் ஒருவன், நல்ல பணிவாக. "அப்ப நீங்களே வாங்கோ. மனேச்சருக்குப் பக்கத்திலை இருந்து எண்ணுவம். சட்டையைப் போடுங்கோ."

சட்டை வேலியோரக் கொடியில் காய்ந்தது. எடுக்க வந்த மாஸ்டர் என் கண்ணைக் கண்டுவிட்டார்.

"நீ எண்ணினனீதானே?" என்று மெல்லக் கேட்டார்.

"பதினெட்டு, மாஸ்டர்."

"குணலட்சுமியும் நாற்பதெண்டாளே?"

"அவளுக்கும் நான்தான் சொன்னனான்."

பொத்தானைப் பூட்டிய விரல் நின்றது. "அப்ப ஒரு சோர்ஸ்தான்" என்றார், பள்ளிப் பிள்ளையின் கொப்பியில் பிழை கண்டவரைப் போல.

"நான் வந்து சொல்லட்டே?"

கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். ஆனால் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் குரல் வந்தது.

"உள்ளை போ, பிள்ளை."

போனேன். யன்னலடியில் நின்றேன்.

"தம்பிமார், சொன்ன ஆள் பதினெட்டெண்டுதான் சொன்னது. நான்தான் கூட்டி எழுதினன். மனேச்சரை விடுங்கோ" என்றார் மாஸ்டர்.

"ஏன் கூட்டினியள்?"

ஆயிரம் பதில் என் நாக்கு நுனியில் நின்றது. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனுசன் முழுக்கைச் சட்டையின் கைப்பொத்தானைப் பூட்டினார். நடுவில் இருத்திக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் பஞ்சலிங்கம் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். மாஸ்டர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை, சனியும் வரவில்லை.

ஞாயிறு விடிய, குணலட்சுமி தலையும் வாராமல் ஓடி வந்தாள்.

"ஞானமக்கா, அவையள் சந்தியிலை விசாரிச்சவையாம், மாஸ்டருக்கு ஆர் சொன்னதெண்டு. நான் உங்களிட்டைக் கேட்டதைத்தானே சொன்னனான்? வந்து கேட்டால் உங்கடை பேரைச் சொல்லட்டே?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்னையேன் இழுக்கிறாய்? கண்ணாலை கண்டனெண்டு மாஸ்டருக்குச் சொன்னது நீதானே?"

அவள் அப்படியே முற்றத்தில் குந்திவிட்டாள். நான் அவளைக் கடந்துபோய், ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருப்படலையைக் கொளுவினேன்.