ஜெயபுஷ்பம் ருசி பார்க்கவில்லை

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் மாவைத் தகரத்தில் ஊற்றுமுன் யாராவது "சர்க்கரை போட்டாச்சா?" என்று மூன்று தரம் கத்தவேண்டும். புதிதாக வந்த மருமகள்கள் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டதற்கு அப்பா ஒரே ஒரு வரி சொன்னார்: "எங்க அத்தை ஜெயபுஷ்பம் முப்பத்துநாலாம் வருஷம் சர்க்கரை போடாம கேக் சுட்டாங்க." சொன்னவர் முகத்தில் வெட்கமே இல்லை, அவ்வளவு பெருமை. அதற்குக் காரணம் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"வேலூர்க் கோட்டையின் மேல் மார்கழிப் பனி..."

(அடித்துவிட்டேன். பனியில் தொடங்கும் கதைகளுக்குப் பஞ்சமில்லை.)

ஜெயபுஷ்பம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். இது பரவாயில்லை, இதிலிருந்தே போவோம். வருஷா வருஷம் சபைக்குக் கேக் பட்டணத்திலிருந்து ரயிலில் வரும். மாதர் சங்கத் தலைவி அமிர்தவள்ளியம்மாள் வரவழைப்பார். நம் ஊரில் யாருக்கு இதெல்லாம் சுட வரும் என்று அவர் சொன்னதுதான் தாமதம், நர்ஸ் ஜெயபுஷ்பம் எழுந்து நின்று, இந்த வருஷம் ஐம்பது பேருக்கும் நானே சுடுகிறேன் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரித் துரைசாணி எழுதிக்கொடுத்த குறிப்பு கையில் இருந்தது. கேக் சுடும் அடுப்புதான் இல்லை. வீடு வந்து சேர்ந்தபின் அது ஞாபகம் வந்தது.

3

பக்கத்து வீட்டு நசீமுன்னிசா தோல் வியாபாரியின் மனைவி. பிரியாணிக்குத் தம் போடுவதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விஷயத்தைக் கேட்டு, "அரிசி வேவுற நெருப்புல மாவு வேவாதா இன்னா?" என்றாள். பிரியாணி வேகும் பெரிய தேக்சாவின் அடியில் மணல், அதன்மேல் கேக் தகரம், மூடியின் மேல் கங்கு. அவ்வளவுதான் அடுப்பு.

(இவளை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன், பிடிவாதக்காரி. மூடியைத் திறந்து பார்க்கப்போன ஜெயபுஷ்பத்தின் கையில் ஒரு போடு போட்டாள்.)

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ரம்ஜான் மாதத்தில் வந்தது. நசீமுன்னிசா விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நோன்பு. இருவரும் முட்டை அடித்தார்கள், திராட்சை ஆய்ந்தார்கள், சர்க்கரையை இரண்டு பங்காக்கினார்கள். ஒரு பங்கைக் கறுக்கக் காய்ச்சி நிறத்துக்கு ஊற்றியாயிற்று. மாவுக்கான பங்கு மூடிபோட்ட பாத்திரத்தில் இருந்தது. அதை அவள் போட்டிருப்பாள் என்று இவளும், இவள் போட்டிருப்பாள் என்று அவளும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு விரல் மாவை நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஜெயபுஷ்பம் வைக்கத்தான் போனாள். எதிரில் உலர்ந்த உதடுகளைப் பார்த்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ ருசி பாரு புஷ்பம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"நீங்க பட்டினியா நிக்கும்போது எனக்கு எறங்காது ஆபா." அக்கா என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்கு எப்போதும் ஆபாதான்.

4

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் கேக்கைத் திறந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நன்றாக உப்பி, கறுத்து, பளபளவென்று இருந்தது. ஜெயபுஷ்பத்துக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் துண்டு அமிர்தவள்ளியம்மாளுக்கு. அவர் மெல்லுவதை நிறுத்தினார். ஜெயபுஷ்பமும் ஒரு துண்டை வாயில் போட்டாள். ஒரே கசப்பு. மூடிய பாத்திரம் அப்போதுதான் அவள் கண்முன் வந்தது.

அமிர்தவள்ளியம்மாள் ஒன்றும் கெட்டவர் அல்ல. காப்பாற்றத்தான் பார்த்தார். "நோன்பு புடிச்சவளை கூட வெச்சிக்கினு சுட்டா வேற இன்னா ஆவும்? உன் மேல தப்பில்ல, உக்காரு."

உட்கார்ந்தால் போதும். பழி, அங்கே இல்லாதவள் தலையில் போய்விடும்.

முடிவு அ: ஜெயபுஷ்பம் உட்கார்ந்...

(பேனா நகரவில்லை. உட்கார்ந்திருந்தால் அப்பா அந்த வரியை அப்படிச் சொல்லியிருப்பாரா?)

முடிவு ஆ: யாரோ ஓடிப்போய்ச் சர்க்கரை கொண்டுவந்து மேலே தூவ, அனைவரும்...

(இது நாடகக் கொட்டகைக்கு ஆகும்.)

முடிவு இ: அவள் நின்றாள். "தப்பு என்னுதும்மா. அவங்க ருசி பாக்கச் சொன்னாங்க, நாந்தான் பாக்கல. பட்டினியா நிக்கிறவங்க எதிர்ல நாளைக்குச் சுட்டாலும் பாக்க மாட்டேன்."

எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மறைக்கவில்லை.

5

பிறகு அவளே தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். ஒவ்வொருவரிடமும் கசக்கும் என்று சொல்லிவிட்டே நீட்டினாள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. ஐம்பது பேரும் தின்றார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஐம்பது பேருக்காக நான் எப்படிப் பேசுவது? ஒருவருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன், கடைசி வரிசையில். நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வந்துவிட்டாள். தலை குனியவில்லை.

"கசக்கும்" என்கிறாள். தட்டு நீட்டியபடி இருக்கிறது.