முதல் வரிசைக்கு வந்த நோய்

மூன்றாவது முறையாகத் தலையில் ஷாம்பு நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது டோரீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் கணவன் ஆர்விட்டுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தண்ணி நின்னுடுச்சு," என்றாள்.

"தெரியும். சார்ஜென்ட் கட் பண்ணிட்டான்."

"அப்ப உன் சார்ஜென்ட்கிட்டயே சொல்லிடு. வியாழக்கிழமை நன்றி நாளுக்குப் பதினோரு பேர் சாப்பிட வர்றாங்க. அன்னைக்கும் தண்ணி நின்னா, நான் அக்கா வெர்னா வண்டியில ஏறி டுலூத்துல அவ வீட்டுக்குப் போயிடுவேன். பனி உருகினதும் வரேன்."

அமெரிக்காவின் வடக்கு மின்னசோட்டாவில் நவம்பர் மாதம் சொன்ன வார்த்தை இது. பனி உருக ஏப்ரல் கடைசி ஆகிவிடும். ஐந்து மாதம் ஆர்விட் லாஹ்தி தனியாக இருக்க வேண்டும்.

சார்ஜென்ட் ஓர் ஆள் இல்லை. ஏரிக்கரை வீட்டுக்கு மின்கம்பி கிடையாது. கூரையில் சூரியத் தகடு, பின்கட்டில் பதினாறு செல்களை வரிசையாகக் கோத்த பேட்டரி. அந்தச் செல்களுக்குக் காவலாக ஆர்விட் தன் கையாலேயே செய்த சர்க்யூட் போர்டுதான் சார்ஜென்ட். பதினாறில் ஏதாவது ஒரு செல்லின் சார்ஜ் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் போதும், வீடு முழுவதையும் அணைத்துவிடும். கடையில் இதையே சீட்டுக்கட்டு அளவில் தயாராக விற்கிறார்கள். ஓய்வுபெற்ற தொலைபேசி லைன்மேனான அவன் அதையெல்லாம் வாங்குவானா? கௌரவம் என்ன ஆவது?

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சார்ஜென்ட் ஒழுங்காகத்தான் இருந்தான். செப்டம்பரில் முதல் நான்கு செல்கள் மட்டும் இறங்கத் தொடங்கின. தண்ணீர் பம்பு உறுமிக்கொண்டு கிளம்பும்போது அந்த நான்கும் துவண்டு விழும், சார்ஜென்ட் உடனே கையை விரிப்பான்.

ஆர்விட் கவலைப்பட்டான். அவன் கவலைப்பட்டால் ஏதாவது ஒரு கருவி வாங்கிவிடுவான். செல்களின் அளவைக் காட்ட, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு திரை மாட்டினான். அளவு இன்னும் இறங்கியது. படுக்கையறையில் இரண்டாவது திரை வந்தது. இன்னும் இறங்கியது. பிறகு ஒரு சின்ன விசிறி, ஓர் அலாரம், அளவுகளைக் கைபேசிக்கு அனுப்ப ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் வர வர நான்கு செல்களும் நோயாளி மாதிரி இளைத்துக்கொண்டே போயின. அவன் அவற்றை விற்றவனைத் திட்டிக் கடிதம் எழுதினான். அதுவும் நான்கு கடிதம்.

அதோடு விட்டானா? நான்கு செல்களையும் கழற்றி, படகு மோட்டாரின் சார்ஜரை வைத்து முழுக்க நிரப்பி, வரிசையின் கடைசியில் வைத்தான். கடைசியில் இருந்த நல்ல நான்கை முன்னால் கொண்டுவந்தான். இரண்டே வாரத்தில் அந்த நல்ல நான்கும் படுத்துவிட்டன. பழைய நோயாளிகள் வரிசையின் கடைசியில் கல் மாதிரி இருந்தன. இதைப் பார்த்த எவனுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். ஆர்விட்டுக்குத் தோன்றியது, செல்களுக்குள் ஏதோ தொற்று பரவுகிறது என்று.

இணையத்தில் பேட்டரிக்காரர்களின் மன்றம் ஒன்றில் அவன் பெரிய மனிதன். புதியவர்கள் கேள்வி கேட்டால், "முதலில் உன் வயரிங்கைப் பார்" என்று ஒரே வரியில் பதில் போட்டுத் துரத்துவான். தன் பெயரில் கேட்க வெட்கப்பட்டு, பொய்ப்பெயர் ஒன்றில் தன் கதையைப் போட்டான். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவன் பதில் போட்டிருந்தான்: முதலில் உன் வயரிங்கைப் பார். ஆர்விட்டுக்கு வந்த கோபத்தில் கணினியை மூடிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை மேசையில் அமர்ந்து டோரீனிடம் இதையெல்லாம் புலம்பினான். அவள் முப்பது வருடம் பள்ளிக்கூட நர்ஸாக இருந்தவள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"முன்னாடி இருந்தது பின்னாடி போனதும் சரியாயிடுச்சா?"

"ஆமா."

"பின்னாடி இருந்தது முன்னாடி வந்ததும் படுத்துடுச்சா?"

"அதைத்தானே சொல்றேன். மொத்த சரக்கும் மோசம்."

"மூணாம் வகுப்புல முதல் பெஞ்சுப் பசங்களுக்கு மட்டும் காய்ச்சல் வந்துட்டே இருந்துச்சு. இடம் மாத்தி உட்கார வச்சோம். புதுசா வந்து உட்கார்ந்ததுங்களுக்கும் காய்ச்சல். நான் பிள்ளைங்களையா குத்தம் சொன்னேன்? பெஞ்சுக்குப் பக்கத்துல ஜன்னல் ஓட்டையா இருந்துச்சு."

ஆர்விட் வாயில் வைத்த காபியை விழுங்க மறந்தான். பின்கட்டுக்கு ஓடினான்.

ஜன்னல் அங்கேதான் இருந்தது. ஒரு மெல்லிய சிவப்பு வயர். சார்ஜென்ட் வேலை செய்யப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். பதினாறு செல்லும் சேர்ந்தால் ஐம்பதுக்கு மேல். அதைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி தபாலில் வரத் தாமதமானதால், ஜூன் மாதம் ஒரு நாள், தற்காலிகமாக, முதல் நான்கு செல்லிலிருந்து மட்டும் ஒரு வயரை இழுத்து சார்ஜென்டுக்குக் கொடுத்திருந்தான். பெட்டி இரண்டு நாளில் வந்துவிட்டது. உறை பிரிக்காமல் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. இரண்டு திரை, விசிறி, அலாரம், கைபேசிப் பெட்டி, அத்தனையையும் அதே வயரில்தான் மாட்டியிருந்தான். நான்கு செல்களும் இரவும் பகலும் அவனுடைய கவலைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

சிவப்பு வயரைக் கழற்றி, அந்தப் பெட்டியைப் பதினாறு செல்லுக்கும் சேர்த்து மாட்டக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு மாதம் ஊரையே திட்டியவனுக்குக் கால் மணி நேரம். பிறகு படகு சார்ஜரை ஜெனரேட்டரில் செருகி, அந்த நான்கையும் புதன் மாலைவரை நிரப்பினான். திரைகளைக் கழற்றிவிட்டான். அவற்றைப் பார்க்கவே கூசியது.

வியாழக்கிழமை பதினோரு பேரும் வந்தார்கள். வான்கோழி வெந்தது, பாத்திரம் கழுவினார்கள், கழிப்பறைக்கு வரிசையில் போனார்கள். பம்பு உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. ஒவ்வொரு உறுமலுக்கும் ஆர்விட் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பார்க்கச் சுவரில் எதுவும் இல்லாததால் எதிரே இருந்த டோரீனைப் பார்த்தான். விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை.

கடைசியில் பூசணி இனிப்பு வந்தபோது டோரீனின் அக்கா வெர்னா சொன்னாள், "பரவாயில்லையே ஆர்விட், சரி பண்ணிட்டியே. மோசமான செல்லை வித்து ஏமாத்திட்டாங்களாமே? நீயா இருந்ததால ஆச்சு."

நல்ல வாய்ப்பு. தலையை மட்டும் ஆட்டினால் போதும். டோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல் நல்ல செல்தான்," என்றான் ஆர்விட். "நான்தான் தப்பான எடத்துல வயரை மாட்டிட்டு ரெண்டு மாசம் அதுங்க ரத்தத்தை உறிஞ்சியிருக்கேன். கண்டுபிடிச்சது இவ. ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடத் தொடல, ரொட்டி தின்னுட்டே கண்டுபிடிச்சா."

மேசையே சிரித்தது. வெர்னாவின் கணவன் சிரித்துப் புரையேறி இருமினான். ஆர்விட்டும் காது சிவக்கச் சிரித்து வைத்தான்.

டோரீன் மட்டும் சிரிக்கவில்லை. வெர்னாவிடம் கையை நீட்டி வண்டிச் சாவியை வாங்கி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டிக்கியில என் பை இருக்கு. எடுத்துட்டு வா."

"தண்ணி நிக்கலையே?"

"காலையில அவ வந்ததுமே வச்சுட்டேன். நிக்கும்னுதான் நினைச்சேன்."

கோட்டுகூடப் போடாமல் ஆர்விட் வெளியே போனான். பனி விழ ஆரம்பித்திருந்தது. டிக்கியைத் திறந்து ஒரு கையால் பையை இழுத்தான், அது அசையவில்லை. இரண்டு கையும் போட்டுத்தான் தூக்க வேண்டியிருந்தது. ஐந்து மாதத்துக்கான துணி மொத்தமும் அதில் இருந்தது.