பாப்பாக்குடி என்று சொல்ல வேண்டும்

சேரன்மகாதேவி போகும் பஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது என் கணவர் பேச ஆரம்பித்தார். கேட் திறக்கும்போதுதான் முடித்தார்.

"அந்தக் கதைய மட்டும் இன்னைக்குச் சொல்ல விடாத விஜி. சுப்ரஜா இருக்கா."

நடுவில் எத்தனை இடத்தில் சொல் சிக்கியது என்பதை நான் எழுதவில்லை. அவருக்குத் திக்குவாய். குமரகுருபரன் என்ற சொந்தப் பெயரைச் சொல்வதற்கே அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் எட்டு வயது மகள் சுப்ரஜாவுக்கு மட்டும் இது தெரியாது. அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே, சொல் சிக்கினால் அவர் சிரித்துக்கொண்டு புருவத்தை உயர்த்துவார். அவள் அந்தச் சொல்லை ஊகித்துச் சொல்வாள். தனக்காகத்தான் அப்பா நிறுத்துகிறார் என்று நம்பியிருந்தாள். எங்க அப்பா மாதிரி யாருக்கும் விளையாடத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறாள்.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அன்று என் மாமனார் சுபேதார் அம்மையப்பனின் தலைத்திவசம். மாமாவைப் பிடிக்காதவர்கள் ஊரில் கிடையாது. இருபத்துநான்கு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். லீவில் வந்தால் தெருவுக்கே ரொட்டி சுடுவார். எங்கள் கல்யாணத்தில் தவில்காரரை உட்காரவைத்து அவரே தவில் அடித்தார். அத்தைக்குத் தினமும் பூ வாங்கி வந்து, சல்யூட் வைத்துத்தான் கொடுப்பார். எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் ஒட்டு மீசையோடு நின்று நர்சுகளைச் சிரிக்க வைத்தார். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும்.

பிள்ளைகள் சின்ன வயதாக இருந்தபோது, லீவு நாட்களில் அவர் சென்ட்ரி ஆவார். விளக்கு வைக்கும் நேரத்தில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளைக் கம்போடு வாசலில் மறிப்பார். "தம். கோன் ஆத்தா ஹை?" நில், வருவது யார் என்று இந்தியில் கேட்பது. காலையில் சொல்லி வைத்த பாஸ்வேர்டைச் சொன்னால்தான் உள்ளே போகலாம். என் கணவரின் அக்கா கோமதி மதினிக்கு 'ரோஜா', 'மல்லி' என்று கொடுப்பார். தம்பிக்கு எப்போதும் ப-வில் தொடங்கும் ஊர்.

ஓர் ஐப்பசி மழையில் அது பாப்பாக்குடி. ஆறு மணிக்கு வாசலுக்கு வந்த பத்து வயதுப் பையன் ஒன்பது மணிவரை மழையில் நின்றான். அத்தை ஜன்னல் வழியே துண்டை நீட்டியதும், எதிரிக்கு சப்ளை போகிறது என்று ஜன்னலையும் மூடச் சொன்னார் மாமா. பையன் நின்ற இடத்திலேயே டவுசரை நனைத்துக்கொண்டு "பா... பா..." என்று அழுதபோது, "அப்பாங்கானா, பாப்பாக்குடிங்கானா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். இதைச் சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷமும் நடந்ததில்லை.

என் கணவர் திதி கொடுக்க ஐயரோடு ஆற்றுக்குப் போனதும், அடுப்படியில் மதினியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, கதையச் சொல்லல" என்றாள் மதினி. "மறுநாளே அப்பா அவனுக்கு பேட் வாங்கிக் குடுத்தாவளே, அத யாராவது நினைக்கியளா?"

முன்கூடமான பட்டாசாலையில் மாமாவோடு பட்டாளத்தில் இருந்த கருத்தையா பேசிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி 'கோன் ஆத்தா'ன்னு சத்தம் போட்டதும் எதுத்த வீட்டுக் கிழவி வந்து, 'எந்த ஆத்தாவத் தேடுதான் இவன்'னு கேட்டாள்லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூலையிலிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. அன்னத்தாய் அத்தை. மாமா போனதிலிருந்து ஒரு வருடமாக அத்தை சிரித்து யாரும் பார்க்கவில்லை.

மதினி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அம்மா சிரிச்சிட்டா." மாமா படத்துக்கு முன்னால் வைத்திருந்த பட்டாளத் தொப்பியை எடுத்து சுப்ரஜா தலையில் வைத்தாள். கையில் மாமாவின் கம்பைக் கொடுத்துக் காதில் ஏதோ சொன்னாள்.

"மதினி, வேண்டாம்."

"கதைதான சொல்லக் கூடாதுன்ன? இது விளையாட்டு."

அத்தை எழுந்து வாசல் பக்கமாக வந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீரும் சிரிப்புமாக, "அப்படியே அவ்வோ மாதிரியே நிக்கா" என்றார். நான் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன்.

ஈர வேட்டியும் கையில் ஆற்றுத் தண்ணீர்ச் செம்புமாக என் கணவர் படியேறினார்.

"தம். கோன் ஆத்தா ஹை?" என்றாள் சுப்ரஜா. "பாஸ்வேர்டு சொல்லுங்கப்பா. ஒங்களுக்குத் தெரியுமாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

ஒதுங்கி உள்ளே வரப் பார்த்தவரை, "சொல்லிட்டு வாலே. அம்மா பாத்துக்கிட்டு இருக்கா" என்று மறித்தாள் மதினி.

"பா..." என்றார். "பா... பா..."

சுப்ரஜாவுக்கு ஒரே குஷி. "பாப்பாவா? நான் இங்கனதான நிக்கேன்? இல்லையா? பாயசம். பானை. பாட்டு."

வீடே அதிர்ந்தது. கருத்தையா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏட்டி, சென்ட்ரி சொல்லக் கூடாது. அவன்தான் சொல்லணும்" என்றாள் மதினி.

சுப்ரஜா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவர் புருவத்தை உயர்த்திப் பார்த்தார். சொல்லைத் தேடும் வேலை இல்லாததால் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. தாடை ஒரு பக்கமாக இழுத்தது. செம்பிலிருந்து தண்ணீர் சிந்தியது.

"சும்மா சொல்லுங்கப்பா" என்றாள். மதினி பக்கம் திரும்பி, "அத்தை, அப்பாவுக்கு வரல" என்றாள்.

"அவனுக்கு என்னைக்குமே வராது பாப்பா" என்றார் கருத்தையா. "ஒங்க தாத்தா எவ்வளவோ டிரெய்னிங் குடுத்துப் பாத்தாரு."

சுப்ரஜா கம்பை இறக்கி வழிவிட்டாள். அவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ச் செம்பைப் படத்தின் முன்னால் வைத்தார். அரைச் செம்புதான் இருந்தது.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். தொப்பியைக் கழற்ற சுப்ரஜாவுக்கு மனமில்லை. மதினி பாயச வாளியோடு வர, இவள் முன்னால் நடந்து ஒவ்வொரு இலையிலும் பாஸ்வேர்டு கேட்டாள். கருத்தையா பாப்பாக்குடி என்றார். அத்தையும் சிரித்துக்கொண்டே பாப்பாக்குடி என்றார். நானும் சொன்னேன்.

அடுத்தது என் கணவரின் இலை. சுப்ரஜா அவரைப் பார்த்தாள். பிறகு மதினியின் சேலையை இழுத்து மெதுவாகத்தான் சொன்னாள். பந்தி முழுவதற்கும் கேட்டது.

"அப்பாவுக்கு மட்டும் கேக்காம ஊத்துங்க அத்தை. பாவம்."

அவர் வேண்டாம் என்பதுபோல் இலையை மறைத்துக் கையை நீட்டினார். மதினி கையை விலக்கிவிட்டு இரண்டு கரண்டி ஊற்றினாள்.